சங்குக்கும் சங்குக்கும் நடுவே

மார்ச் 3

மரம் அறுக்கும் ஆலையின் இயந்திர அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் தாயார் காலமானபோது தாங்கள் செய்த உதவிகளுக்கு முறையாக நன்றி கூறாமல் நகரத்துக்குத் திரும்பிவிட்டேன். பிற்பகல் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பது காரணமே தவிர, சமாதானம் ஆகாது. அந்தக் குறையை இக்கடிதத்தால் ஓரளவேனும் ஈடுசெய்ய முயல்கிறேன்.

அந்த ஆலையில் மரம் அளப்பவராக இருந்த என் தந்தை மறைந்தபின், தாயாரை நகரத்துக்கு அழைத்துவரப் பலமுறை முயன்றேன். காட்டோரத்து அந்தக் குடியிருப்பை விட்டு அவர் நகரவில்லை. காரணம் தாங்கள் அறிந்ததே. நாற்பதாண்டுகளுக்கு முன், வீட்டின் பின்புறம் விளையாடிக்கொண்டிருந்த என் நான்கு வயதுத் தங்கை காணாமற்போனாள். அம்மா அடுப்பை அணைக்க உள்ளே போய், வெளியே வருவதற்குள் அது நடந்தது. ஓடையோரம் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. வேறெதுவும் அன்றும் கிடைக்கவில்லை, இன்றுவரையிலும் கிடைக்கவில்லை. ஓடையா, விலங்கா, மனிதர் எவரேனுமா என்பதற்குச் சான்று இல்லாததால் நான் எதையும் ஊகிப்பதில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவருக்குத் தலைவாரி விட்டதும், இரவில் விழித்திருந்ததும், கடைசி மிடறு தண்ணீர் ஊட்டியதும் தாங்களே. பெற்ற மகன் செய்திருக்க வேண்டியவை அவை. அதற்கு நன்றி என்ற சொல் போதாது என்பதையும், எனக்கு வேறு சொல் தெரியவில்லை என்பதையும் ஒருசேரத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்னால் ஆகக்கூடிய உதவி எதுவாயினும் தயங்காமல் எழுதுங்கள்.

தங்களுக்குக் கடமைப்பட்ட,
வழக்கறிஞர்


மார்ச் 14

வக்கீல் அண்ணாவுக்கு,

உங்கள் உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றே நினைத்துவிட்டேன். அலுவலக முத்திரை அப்படி. டீக்கடைக்காரர் வேறு, "என்னக்கா, ஆலைய வித்துட்டாங்களா, இல்ல உன்னையும் சேத்தே வித்துட்டாங்களா?" என்று கேட்டார். படித்து முடித்ததும் அழுதுவிட்டேன்.

அம்மாவுக்கு நான் செய்தது பெரிய காரியமில்லை. என்னைப் பெற்றவள் ஆலையில் மரத்தூள் வாரப் போனபோதெல்லாம் நான் கிடந்தது உங்கள் வீட்டில்தான். நானும் சில்வண்டும் ஒரே வயது. உங்கள் தங்கையை இங்கே இன்னும் அந்தச் செல்லப்பேரால்தான் சொல்கிறார்கள். வாய் ஓயாமல் பேசுவாளாமே.

உதவி கேட்கச் சொன்னீர்கள். ஒன்றே ஒன்று இருக்கிறது.

அவள் தொலைந்தபோது, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேரட்டும் என்று என் அப்பா ஆலைச் சங்கை ஊதினார். தேட வந்தவர்கள் எல்லாம் கலைந்துபோன பிறகும் அந்தி சாயும்போது ஊதச் சொன்னார்கள் அம்மா. "நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்கண்ணே" என்றார்களாம். அப்பா தலையாட்டிவிட்டார். அவருக்குப் பின் நான். கொதிகலன் போய் மோட்டார் வந்தது. சங்கை இழுத்து ஊதுகிற கைப்பிடி மட்டும் அதேதான். ஆலை இப்போது பாதி நாள்தான் ஓடுகிறது, சங்கு மட்டும் ஓய்ந்ததில்லை. "ஊதுற சங்கை ஊதுவோம், விடியறப்ப விடியட்டும்" என்பார் அப்பா. ஊதியாயிற்று. விடியவில்லை.

அந்திக்குள் திரும்பிவரக்கூடிய தூரத்துக்கு மேல் நான் எங்கும் போனதில்லை. மகள் கல்யாணத்தையே ஆலை வாசலில் வைத்துத்தான் முடித்தேன். அவளுக்கு மே மாதம் பிரசவம், முதல் பிரசவம். இந்தக் காட்டோரத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, அதனால் இங்கே அழைத்துவர வழியில்லை, அவள் ஊரில்தான் பார்க்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டும். "உனக்கு நான் முக்கியமா, அந்தச் சங்கு முக்கியமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அம்மா போதும் என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் இனி நீங்கள்தான். "போதும், நிறுத்து" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள் அண்ணா. நான் பெட்டியைக் கட்டுகிறேன்.

சங்குக்காரர் மகள்


மார்ச் 22

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கேள்வியைக் கவனமாக ஆராய்ந்தேன். தங்கள் தந்தையார் அளித்தது பிரதிபலன் எதுவும் பெறாமல் தந்த வாய்மொழி வாக்குறுதி. தனிமனிதர் இருவருக்கிடையே அமைந்த இத்தகைய வாக்குறுதி அவர்கள் மறைவோடு முடிந்துவிடும். அது வாரிசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே தாங்கள் இன்று மாலையே ஊதாமல் விட்டாலும் தங்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. தொடரும்படி கேட்க எனக்கும் உரிமை இல்லை.

ஏழாண்டுகள் எவ்விதத் தகவலுமின்றிப் போனவரை இறந்தவராகக் கருதவும் சட்டம் இடம் தருகிறது. அவ்வாறு அறிவிக்கக் கோரி என் தந்தை ஒரு மனுவைத் தயாரித்தார். அம்மா கையொப்பமிட மறுத்துவிட்டார். பின்னாளில் சட்டம் படிக்கத் தொடங்கிய நான் தந்தையின் பக்கம் நின்று வாதாடினேன். வாதம் சரியானதே. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவும் நானும் நலம் விசாரித்துக்கொள்வதைத் தாண்டி எதுவும் பேசியதில்லை.

இதை எழுதுவது தேவையா என்று தெரியவில்லை. அந்தச் சங்கை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. தங்கை தொலைந்தபோது எனக்குப் பத்து வயது. தேடிய நாட்களில் அது மூச்சுவிடாமல் அலறியது. தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தது நினைவிருக்கிறது. உடனே என்னை உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். அதன்பின் ஊருக்கு வந்தபோதெல்லாம் அந்திக்கு முன்பே புறப்பட்டுவிடுவதை வழக்கமாகக் கொண்டேன்.

தங்கள் மகளின் பிரசவம் நலமே அமைய வேண்டுகிறேன்.

வழக்கறிஞர்


ஏப்ரல் 2

அண்ணா,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். பிறகு பள்ளிக்கூட டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "உனக்கு விடுதலைன்னு சொல்றாரு" என்றார்கள். "அப்ப 'நிறுத்து'ன்னு எங்க எழுதியிருக்கு டீச்சர்?" என்றேன். மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு, "எல்லாம் எழுதியிருக்காரு, அது மட்டும் இல்ல" என்றார்கள்.

நான் தீர்ப்பா கேட்டேன்? வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து வாசலிலேயே நின்றுவிட்டீர்களே.

சங்கு மூச்சுவிடாமல் அலறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முதலில் சில நாட்கள்தான். அதற்கப்புறம் நடந்ததை அம்மா உங்களுக்குச் சொல்லவே இல்லையா? அப்பா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். காடு முழுக்க ஆட்கள். ஒரு பக்கம் தகரம் தட்டுகிறார்கள், ஒரு பக்கம் பேர் சொல்லிக் கத்துகிறார்கள், நாய் குரைக்கிறது, அப்பா சங்கை விடாமல் ஊதுகிறார். அம்மா இயந்திர அறைக்குள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்களாம். "எல்லாரும் கூப்பிடுறீங்களே, அவ பதில் சொன்னா அது யாரு காதுல விழும்?"

அப்பா கைப்பிடியை விட்டுவிட்டார். யாருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள். நல்ல மனசோடு வந்த அத்தனை பேரும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வழக்கம் மாறியது. அந்திக்கு ஒரு சங்கு. பிறகு ஊரே வாயை மூடிக்கொண்டு காட்டுப் பக்கம் காதைக் கொடுக்கும். பிறகு இரண்டாவது சங்கு, அவரவர் வேலையைப் பார்க்கலாம். "ஊதறது வேலை இல்ல புள்ள, நடுவுல இருக்குதே, அதான் வேலை" என்பார் அப்பா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா எனக்குச் சட்டை தைத்தால் இரண்டாகத் தைப்பார்கள். ஒன்று பெட்டிக்குள் போய்விடும். ஆலை ஆட்கள் என்னைப் பார்த்தால், "சில்வண்டு இருந்தா இந்நேரம் இவ்ளோ உசரம் இருப்பா" என்பார்கள். எனக்குப் பல் விழுந்தால் அவளுக்கும் விழுந்தது. நான் கல்யாணப் பெண்ணாக நின்ற அன்றைக்கு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். என்னையும்தான் பார்த்தார்கள், ஆனால் என்னை மட்டும் இல்லை. மரம் அளக்கிறவர் வீட்டு அளவுகோல் நான். அதில் எனக்குக் கோபம் கிடையாது. சோறும் சட்டையும் மடியும் குறையில்லாமல் கிடைத்தன. களைப்பு மட்டும் இருக்கிறது.

நீங்கள் சொல்லாவிட்டால் போகிறது. திங்கட்கிழமை முதல் நான் ஊதப் போவதில்லை. சட்டம்தான் என் பக்கம் இருக்கிறதே.

சங்குக்காரர் மகள்


ஏப்ரல் 9

சகோதரி அவர்களுக்கு,

இரண்டு சங்குகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு என்பதை நான் அறியேன். அம்மா சொல்லவில்லை. அவர் சொல்லும்படியாக நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

"நிறுத்து" என்று எழுதப் பல தாள்களில் முயன்றேன். ஒப்பந்தங்களை முறித்தும், குத்தகைகளை முடித்தும், ஆட்களை வெளியேற்றியும் அறிவிப்பு எழுதிப் பழகிய கைதான் இது. அந்த ஒரு சொல் மட்டும் வர மறுக்கிறது. எழுதினால், அவள் இனி வரமாட்டாள் என்று நான் கையொப்பமிட்டதாக ஆகிவிடும். அம்மா அன்று மனுவில் இட மறுத்தது இந்தக் கையொப்பத்தைத்தான். அப்போது எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது.

தாங்கள் அளவுகோலாக நின்றதால்தான் அம்மாவின் கண்ணில் என் தங்கை நான்கு வயதோடு நின்றுவிடாமல் வளர்ந்திருக்கிறாள். அதற்கு நன்றி சொல்வது முறையா என்று தெரியவில்லை. சொல்லாமல் இருப்பது நிச்சயமாக முறையல்ல.

திங்கட்கிழமை என்ன நடந்தது? கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும் கேட்கிறேன்.

வழக்கறிஞர்


ஏப்ரல் 20

அண்ணா,

ஊதவில்லை. சொன்னால் செய்கிறவள் நான். அறையைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்து அமுக்கிக்கொண்டேன்.

சங்கு இல்லை. ஆனால் நேரம் வந்ததும் ஊர் அடங்கியது அண்ணா. டீக்கடையில் ரேடியோ நின்றது. பட்டறையில் சுத்தியல் நின்றது. தெருவில் குடுமிப்பிடிச் சண்டையில் இருந்த மாமியாரும் மருமகளும்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அதுதான் உலக அதிசயம். எல்லோரும் காட்டைப் பார்த்தபடி நின்றார்கள். இரண்டாவது சங்கு வந்தால்தானே திரும்பப் பேசுவார்கள்? அது வரவில்லை. எப்போது வாயைத் திறப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் பூனை மாதிரி நடந்து என் வாசலுக்கு வந்து கிசுகிசுத்தார்: "அக்கா, பேசலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நிற்காமல் அழுகை வந்தது.

மறுநாள் காலையிலேயே பிசின் எடுக்கிறவர் வந்து நின்றார். அந்தக் காலத்தில் ஒருமுறை மூடுபனியில் திசை தப்பிக் காட்டுக்குள் சுற்றியவர். "உங்கப்பன் ஊதினதுலதான் நான் வீடு வந்து சேர்ந்தேன். மூணு புள்ளைங்களும் அதுக்கு அப்புறம் பொறந்ததுங்க. மூணு பேருக்கும் சேத்துத் திட்டுறேன், ஊது" என்றார். அடுத்து டீச்சர். அவர்கள் திட்டவில்லை. "வழி தப்பினா ஓடாதீங்க, உக்காருங்க, சங்கு நின்னதும் குரல் குடுங்கன்னு வகுப்புல சொல்லிக் குடுத்திருக்கேன். இனிமே என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் லாரி ஓட்டுநர் மகள் ஆட்டுக்குட்டி பின்னால் போய்த் தொலைந்துவிட்டாள். அன்று அந்திக்கு முதல் சங்கு ஊதிவிட்டுக் கைப்பிடியை விட்டேன். நடுவே, ரொம்பத் தூரத்தில், "இங்க இருக்கேன்" என்று கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. முதலில் ஓடியது உங்கள் அம்மா. அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. குழந்தையைத் தூக்கி வந்து அதன் தாய் கையில் கொடுத்துவிட்டு, நேரே என் அறைக்கு வந்து இரண்டாவது சங்கைத் தானே ஊதினார்கள். அழவில்லை. "ரொம்ப நன்றி" என்றார்கள். எனக்குச் சொன்னார்களா, காட்டுக்குச் சொன்னார்களா, இன்றுவரை தெரியாது.

அதனால் மறுபடி ஊதுகிறேன். ஆனால் மே மாதம் எனக்காகக் காத்திருக்காது. ஊரில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம், மனம்தான் ஒப்பவில்லை. வாக்குக் கொடுத்தது எங்கள் வீடு, வாங்கியது உங்கள் வீடு. நடுவில் இன்னொருவரை எப்படி மாட்டிவிடுவது? சட்டம் வேண்டாம் அண்ணா. ஒரு வழி சொல்லுங்கள்.

சங்குக்காரர் மகள்


ஏப்ரல் 28

சகோதரிக்கு,

வாக்குப் பெற்ற வீட்டில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. ஆகவே நான் வருகிறேன்.

வழக்குகளை இளைய வழக்கறிஞர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வருவேன். அதே பேருந்தில் திரும்பப் போவதில்லை. தாங்கள் மகளிடம் சென்று, மனம் நிறையும்வரை இருந்து வாருங்கள்.

சில விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கைப்பிடி எவ்வளவு கனம்? பேனாவைத் தவிர இந்தக் கை எதையும் தூக்கியதில்லை. சங்கு எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும்? முக்கியமாக, நடுவே எவ்வளவு நேரம் கேட்க வேண்டும்?

லாரி ஓட்டுநரின் மகள் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். அம்மா ஒருமுறையேனும் அப்படி ஓடிப்போய் ஒரு குழந்தையைத் தூக்கினார் என்பதை நான் அறியாமலே போயிருப்பேன். அதைத் தெரிவித்த தங்களுக்கு என்றும் நன்றியுடையேன்.

வழக்கறிஞர்


மே 19

அண்ணா,

பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். நான் வந்து சேர்ந்த மறுநாளே வலி எடுத்துவிட்டது. என் மகள் என் கையைப் பிடித்த பிடியில் விரலெல்லாம் வீங்கிவிட்டது. அந்தக் கை அங்கே கைப்பிடியில் இல்லாமல் இங்கே இருந்ததற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நீங்கள் முதல்முறை இழுத்ததும் சங்கு யானை மாதிரித் தும்மியதே, அதை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்த அம்மாள் வேறு பெட்டிக்கு மாறிப் போய்விட்டாள். இங்கேயும் அதே கதைதான். அந்தி வந்ததும் என்னை அறியாமல் பேச்சை நிறுத்திவிடுகிறேன். மருமகன் பயந்துபோய், "அத்தைக்கு என்ன ஆச்சு? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்கிறார்.

நடுவே எவ்வளவு நேரம் என்று கிளம்புகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ரயில் அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. அப்பா எனக்குச் சொன்னது இதுதான். ஒரு குழந்தை தூக்கத்திலிருந்து முழித்து, பயந்து, இது நம்ம ஊர்ச் சத்தம்தானா என்று யோசித்து, "இங்க இருக்கேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு.

ஒன்று கேட்கணும். குழந்தை வாய் ஓயாமல் கத்துகிறாள். பார்த்ததும் எனக்கு ஒரு செல்லப்பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது உங்கள் வீட்டுப் பேர். கேட்காமல் கூப்பிடமாட்டேன்.

உங்கள் தங்கச்சி


மே 27

தங்கைக்கு,

"உங்கள் தங்கச்சி" என்று கையொப்பமிட்டிருக்கிறாய். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி "தாங்கள்" என்று எழுதுவது பொய்யாகிவிடும். நீ என்றே எழுதுகிறேன். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்.

முதலில் பெயர். அந்தப் பெயரை வைக்க வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. அதற்கு உரியவள் ஒருத்தி இருக்கிறாள். இல்லை என்று இன்றுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை. மேலும், உன்னை இன்னொருத்தியோடு வைத்து அளந்தது போதும். உன் பேத்தி அவளுடைய உயரத்துக்கே வளரட்டும்.

இரண்டாவது, நீ மார்ச் மாதம் கேட்டு நான் தராத வரி. இப்போது எழுதுகிறேன்: போதும். சங்குக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். உன் வீடு கொடுத்த வாக்கை உன் வீடு மிச்சமின்றி நிறைவேற்றிவிட்டது. வாக்கைப் பெற்ற வீட்டின் சார்பில் உன்னை விடுவிக்கிறேன். பிசின் எடுப்பவரும் டீச்சரும் சங்கு ஊத வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் கேட்டு என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "பெரிய வக்கீலுன்னா மொத்தமும் நீங்களே ஊதுவீங்களா?" என்கிறார் பிசின்காரர். பங்கு பிரித்துவிட்டேன். நீ திரும்பி வந்து ஆசைக்கு ஒருநாள் ஊதலாம். கடமை என்று எதுவும் உன்மேல் இல்லை.

மூன்றாவது, நேற்று மாலை. கைப்பிடியை இழுத்தேன், இப்போதெல்லாம் தும்முவதில்லை. பிறகு விட்டேன். ரம்பம் அடங்கியது, ரேடியோ அடங்கியது, நாய்கள்கூட அடங்கின. சன்னல் வழியே பார்த்தேன். டீக்கடைக்காரர் தூக்கிய கெட்டிலை அப்படியே கையில் பிடித்தபடி நின்றார். என் தங்கை தொலைந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. பட்டறை வாசலில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் இந்த ஊர் தன் வாயை மூடிக்கொண்டு, என் தங்கை பேசுவதற்கு இடம் விட்டிருக்கிறது. நான்தான் ஒவ்வொரு முறையும் பிற்பகல் பேருந்தில் ஏறிப் போயிருக்கிறேன். இவர்களுக்கு நன்றி சொல்ல எண்ணி வாசகம்கூட எழுதிப் பார்த்தேன். அந்த நேரத்தில் பேசக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

என்ன கேட்டது என்று நீ கேட்பாய். காற்று கேட்டது. ஓடை கேட்டது. மரங்களில் பூச்சிகள் கேட்டன. வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டதாக எழுதவும் மாட்டேன். ஆனால் ஒரு குழந்தை விழித்து, பயந்து, யோசித்துப் பதில் சொல்லும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காத்திருந்துவிட்டேன் போலிருக்கிறது. டீக்கடைக்காரர் சன்னலடியில் வந்து நின்று கிசுகிசுத்தார்:

"அண்ணே, ரெண்டாவது ஊதுங்க. அடுப்புல பால் பொங்குது."

ஊதினேன். ஊர் பேசத் தொடங்கியது.

அண்ணன்